நாவலை அளந்த சர்வேயர்

அவரோடு சேர்ந்து நடப்பது எரிச்சலான வேலை. நன்றாகப் பேசிக்கொண்டே வருவார். திடீரென்று பேச்சு நின்றுவிடும். உதடு மட்டும் அசையும். காலடிகளை எண்ணுகிறார் என்று அர்த்தம். கடலூர் முதுநகர் ஸ்டேஷனிலிருந்து ரஹீம் பாயின் குடைக்கடை எத்தனை காலடி என்பது அவருக்கு மனப்பாடம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எண்ணுவார்.

"போன வாரம்தானே எண்ணுனீங்க சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போன வாரம் இருந்த தூரம் இந்த வாரமும் இருக்குதான்னு பாக்க வேணாமா?" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். அவர் வேடிக்கைக்காக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

அரசாங்க சர்வேயர். ஐம்பதை நெருங்கும் வயது, குள்ளமான உருவம். முழங்கை வரை வெயிலில் கறுத்து, அதற்கு மேல் வேறொரு ஆளுடைய கைபோல் வெளுத்திருக்கும். காதுக்குமேல் ஒரு பக்கம் சிவப்பு மறுபக்கம் நீலமாக ஒரு பென்சில். ரஹீம் பாய் மட்டும் அவரை மச்சான் என்பார். மற்றவர்களுக்கு சர்வேயர் சார்.

ரஹீம் பாய் லால்பேட்டைக்காரர். பினாங்கில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து முதுநகரில் குடைக்கடை வைத்தவர். அந்தக் கடை மாடியில்தான் எங்கள் படிப்பு வட்டம் கூடும். நான் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். பிலோமினா டீச்சர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். சிதம்பரத்திலிருந்து ரயில் ஏறி ஒரு தமிழ்ப் புலவர் வருவார். சர்வேயரோடு ஐந்து பேர். மாதம் ஒரு நாவல். எல்லாரும் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். இஞ்சி டீயும் சமோசாவும் பாய் செலவு.

முதல் இரண்டு வருஷம் வங்காள நாவல்களின் மொழிபெயர்ப்பாகவே படித்தோம். அதில் சர்வேயர் அதிகம் பேசவில்லை. டீயை ஆற்றிக் குடித்துவிட்டு, "நமக்கு அந்தப் பக்கத்துப் படம் கெடைக்காது" என்று மட்டும் சொல்வார். என்ன படம் என்று நாங்களும் கேட்கவில்லை. அடக்கமான மனிதர் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமினா டீச்சர் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "கல்கத்தாவுல எந்தச் சந்து எங்க திரும்புதுன்னு எனக்கு இப்ப நல்லாத் தெரியுது. நாகர்கோவில் எப்படி இருக்கும்னு தெரியல. இந்த வருஷம் தெற்கத்தி எழுத்தாப் படிப்போமே."

எல்லாருக்கும் பிடித்திருந்தது. சர்வேயர் மட்டும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"தெற்குன்னா எங்கேருந்து?"

அந்த ஒரு கேள்வி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. அடுத்த வாரம் ஒரு நிலப்படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து குடைப்பெட்டிகளின்மேல் விரித்தார். இந்தக் கடையிலிருந்து கணக்கெடுத்தால் சிதம்பரமும் தெற்குதான் என்றார். புலவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஐயா, நான் நடுநாட்டான். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் வந்ததற்காக என்னைத் தெற்கத்தியான் ஆக்காதீர்கள்."

"நான் ஆக்கல புலவரே. படத்துல நீங்க அங்கதான் இருக்கீங்க."

கொள்ளிடத்தில் கோடு போடலாமா என்று பார்த்தோம். போட்டால் தஞ்சாவூர் முழுக்க உள்ளே வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்துக் கதைகளை ஏற்கெனவே வேண்டிய மட்டும் படித்தாகிவிட்டது. கடைசியில் வைகையில் போட்டோம். தெற்கில் பிறந்து சென்னையில் குடியிருக்கும் எழுத்தாளர்களை என்ன செய்வது என்று புலவர் கேட்டார்.

"ஆளு எங்க இருந்தா என்னா? ஆளை அப்புறம் பாப்போம், எடத்தைக் காட்டுங்க" என்றார் சர்வேயர்.

அதற்குப் பிறகு அந்த மாடியில் நாங்கள் ஆயிரம் தடவை கேட்ட வாசகம் அதுதான்.

ஆளுக்கு ஒரு நாவல் சிபாரிசு செய்வது, எல்லாவற்றையும் தபாலில் வரவழைப்பது, ஐவரும் பார்த்தபின் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று ஏற்பாடு. பாய் சிபாரிசு செய்தது ஒரு வியாபாரக் குடும்பத்தின் கதை. முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகன் விடியலில் மாட்டுவண்டி கட்டி உச்சிப்பொழுதுக்கு மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேருகிறான்.

"இருபத்தாறு மைலு பாய். கிலோமீட்டர்ல சொன்னா இன்னும் ஜாஸ்தியாத் தெரியும். வண்டி மாடு மணிக்கு ரெண்டரை மைலு போனாப் பெருசு. இவன் போய்ச் சேர பொழுது சாஞ்சுடும். மாமனாரு வூட்டுல இவனுக்கு மத்தியானச் சாப்பாடு போடுறாங்க."

"நல்ல மாடா இருக்கும் மச்சான்."

"பன்னெண்டாம் பக்கத்துல கெழட்டு மாடுன்னு எழுதியிருக்காரு."

பாய் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டார்.

பிலோமினா டீச்சர் கொண்டுவந்தது, பிடிக்காத புருஷனை விட்டு ஒரு பெண் வீட்டைவிட்டுப் போகிற கதை. டீச்சர் அழுதுகொண்டே படித்ததாகச் சொன்னார். சர்வேயர் அந்த வீட்டின் வரைபடத்தையே போட்டுக் கொண்டுவந்திருந்தார். நாவலில் அங்கங்கே சொல்லியிருக்கும் அறை, நடை, கிணற்றடி எல்லாவற்றையும் பக்க எண்ணோடு குறித்திருந்தார்.

"இந்தப் பொண்ணு கொல்லைப்பக்கமா ஓடிப்போவுது. கொல்லைக்குப் போவணும்னா புருஷன் படுத்திருக்கிற அறையைத் தாண்டித்தான் போவணும். வேற வழி இல்ல. இருக்குதா, நீங்களே பாருங்க."

"அவன் தூங்குறான் சார்."

"அவனுக்கு ராத்திரியில தூக்கமே வராதுன்னு எண்பதாம் பக்கத்துல இருக்குது டீச்சரம்மா."

"அன்னிக்கு வந்திருக்கும்! அவ போவட்டும் சார், விடுங்களேன்!"

டீச்சருக்கு அவர்மேல் வேறொரு பழைய கோபமும் இருந்தது. அதற்கு முந்திய வருஷம் டீச்சரின் வேலியைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் தகராறு செய்தார். நம்ம சர்வேயர் சார் இருக்கிறாரே என்று டீச்சர் அழைத்துப் போனார். விடுமுறை நாளில், கூலி எதுவும் வாங்காமல், வெயிலில் நின்று சங்கிலி பிடித்து அளந்தார். டீச்சர் எலுமிச்சைச் சாறு கரைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, "ஒங்க வேலிதான் அஞ்சு அங்குலம் அவரு எடத்துல இருக்குது" என்றார். வேலியைப் பிடுங்கி நடும்போது அவரே வந்து கூடமாட உதவி செய்தார். டீச்சர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவரோ, டீச்சர் பேசவில்லை என்பதையே கவனிக்கவில்லை.

இப்படி ஒவ்வொன்றாகக் கழிந்துபோய், கடைசியில் அவர் சிபாரிசு செய்த நாவல்தான் மிஞ்சியது. திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரை ஊரின் கதை. அப்போது அவ்வளவாகத் தெரிய வராத ஓர் எழுத்தாளர், மதுரையில் இருந்தார். ஊர்ப் பெயரை மாற்றாமல் எழுதியிருந்தார். ஒரு பெண் பிறந்து, வளர்ந்து, விரும்பியவனோடு அந்த ஊரைவிட்டுப் போகும் வரைக்கும் கதை. தினமும் விடியலில் அவள் துறைக்குப் போய் நிற்பாள். அக்கரையில் சூரியன் எழும்பும். சந்தோஷமோ துக்கமோ எல்லாம் அந்த நேரத்தில்தான் அவளுக்கு நடக்கும். கடைசிக் காட்சியும் அதுதான். நாங்கள் நான்கு பேரும் உருகிப்போனோம். பாய் இரண்டு நாள் கடையில் யாருடனும் பேரம் பேசவில்லை.

"எப்படி சார் இதைக் கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"படிக்கலாம். சரிபாக்க நெறைய இருக்குது" என்றார்.

மூன்று தடவை படித்திருந்தார். முதல் இரண்டு தடவை பென்சிலையே எடுக்கவில்லையாம். மூன்றாம் தடவைதான் எடுத்தார். எடுத்தவர் திருநெல்வேலியில் இருந்த சக சர்வேயர் ஒருவருக்கு எழுதி, அந்த ஊர்ப் படத்தின் பென்சில் நகலை வரவழைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் முகம் சரியில்லை. படத்தை விரித்தார். "ஆறு இங்க வடக்கே பாத்துத் திரும்பி ஓடுது. ஊரு கிழக்குக் கரையில. ஊர்த்துறையில நின்னு ஆத்தைப் பாத்தா மேற்கத்தான் பாக்கணும். சூரியன் அந்தப் பொண்ணுக்கு முதுகுப் பக்கம் உதிக்குது. முந்நூறு பக்கமும் முதுகுப் பக்கம்."

இந்தப் புத்தகத்தையும் விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனசில்லை.

மறுநாள் எக்சேஞ்சுக்கே வந்துவிட்டார். திருநெல்வேலி ஆபரேட்டரிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். கெஞ்சலைத் தாங்க முடியாமல், லைன் காலியாக இருந்தபோது கேட்டேன். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று.

"ஹலோ கடலூர், சூரியனா கேக்கீங்க?"

"ஆமா."

"இங்கயும் கிழக்கதான் உதிக்கும்மா. அங்க என்னாச்சு?"

திரும்பினால் சூப்பர்வைசர் பின்னால் நிற்கிறார். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். சர்வேயர் தன்னால் வந்த வினை என்று பதிலை அவரே எழுதிக் கொடுத்தார். நடந்ததை நடந்தபடி, சூரியன் உட்பட, ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். "பொய் எழுதினா ஒரு நாளு மாட்டும்மா" என்றார். நான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, லைன் சோதனை செய்ததாக எழுதித் தப்பித்தேன்.

இதற்கிடையில் புலவர் ஒரு காரியம் செய்துவிட்டார். எழுத்தாளருக்குக் கடிதம் போட்டு, அவரையும் கூட்டத்துக்கு வர ஒப்புக்கொள்ள வைத்து, சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு பள்ளிக்கூட ஹாலையும் பேசி முடித்திருந்தார். சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போகப் பயமாக இருந்தது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது; புத்தகத்தைக் கொண்டுவந்ததே அவர்தான்.

ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டும்போது பிலோமினா டீச்சர் ஆரம்பித்தார். "சார், மாதா மேல ஆணையா அவர்கிட்ட சூரியனைப் பத்திக் கேக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"நான் மாதா கோயிலுக்குப் போறதில்லையே டீச்சரம்மா."

"அப்ப ஒங்க சங்கிலி மேல ஆணையா."

சர்வேயர் வெளியே பார்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "சபையில கேக்க மாட்டேன். வெளிய வந்த பெறகு வாசல்ல கேப்பேன்" என்றார். மடியில் சுருட்டிய படம் இருந்தது.

எழுத்தாளர் ஒல்லியாக இருந்தார். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன சட்டை. நாற்பது பேர் வந்திருந்த கூட்டத்தைப் பார்த்து அவரே கொஞ்சம் மிரண்டுவிட்டார். சின்னக் குரலில் பத்து நிமிஷம் பேசினார். கேள்விகள் வந்தன. சர்வேயர் இரண்டாம் வரிசையில் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

கவிழ்த்தது ரஹீம் பாய். நன்றி சொல்ல எழுந்து மைக்கைப் பிடித்தவர், உற்சாகத்தில், "எங்க வட்டத்துல எவ்ளோ மும்முரமாப் படிக்கிறோம்னு ஐயாவுக்குத் தெரியணும். எங்க மச்சான் சர்வேயரு, கதையில வர்ற ஊருக்கு மேப்பே கொண்டாந்திருக்காரு!" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. "யா அல்லாஹ்" என்றது மைக்கில் கேட்டது.

எழுத்தாளர் எழுந்துவிட்டார். "அந்த ஊர்ப் படமா? எங்க, காட்டுங்க."

சர்வேயர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். மேடைக்குப் போய் மேஜைமேல் படத்தை விரித்தார். எழுத்தாளர் குனிந்தார். ஆற்றைக் கண்டுபிடித்தார், ஊரைக் கண்டுபிடித்தார். விரல் இரண்டுக்கும் நடுவில் இங்கும் அங்கும் போய் நின்றுவிட்டது.

"ஊரு இந்தப் பக்கமாங்க?"

சர்வேயர் தலையசைத்தார்.

"அப்ப சூரியன்…"

எழுத்தாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கில் பேசவில்லை, சர்வேயரிடம்தான் பேசினார். முன்வரிசைகளில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

"நான் அந்த ஊரைப் பாத்ததே இல்லங்க. அது என் வீட்டுக்காரி ஊரு. எங்க கல்யாணத்துல அவுக வீட்டுக்குச் சம்மதமில்ல. கிளம்பி வந்தவதான், திரும்பி அந்த மண்ணை மிதிக்கல. இருபத்திரண்டு வருஷம் மதுரையில ஒரு வாடகை அறையில உக்காந்து அந்த ஊரைச் சொல்லிக்கிட்டே இருந்தா. நான் எழுதிக்கிட்டே இருந்தேன். விடிஞ்சதும் துறையில நின்னா அக்கரையில சூரியன் வரும்னு ஒரு நாளைக்காவது சொல்லாம இருந்ததில்ல. புத்தகம் அச்சாகி வரும்போது அவ இல்ல." படத்தைக் காட்டிக் கேட்டார்: "மறந்துட்டாளோ? நீங்க தெரிஞ்சவுக. சொல்லுங்க, ஆறு எந்தப் பக்கம்?"

பிலோமினா டீச்சர் என் கையைப் பிடித்தார். அவர் நகம் பதிந்தது.

சர்வேயர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பி வைத்தார். ஊர் இடப்பக்கம் போய்விட்டது, ஆறு வலப்பக்கம் வந்துவிட்டது.

"இது பழைய படம்" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. "அந்தக் காலத்துல எவனோ வடக்கைத் தப்பாப் போட்டுட்டான். இப்படி வச்சுத்தான் பாக்கணும். ஒங்க வீட்டம்மா சொன்னதுதான் சரி."

சட்டைப்பையிலிருந்து ரப்பரை எடுத்து, வடக்கைக் காட்டும் அம்புக்குறியை அழித்தார். பென்சிலால் எதிர்ப்பக்கத்தில் புதிதாகப் போட்டார். அம்பு கோணலாக வந்தது. எழுத்தாளர் அந்தப் படத்தில் ஆற்றோரமாக விரலை வைத்து, "அவ வீடு இங்கனதான் இருக்கும்" என்றார். தனக்கு அதைத் தர முடியுமா என்று கேட்டார். சர்வேயர் சுருட்டிக் கொடுத்தார்.

மத்தியான ரயிலில் திரும்பினோம். டீச்சர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவருக்குத்தான் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"மச்சான், நெசமாவே படம் தப்பா?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

"படம் சரி."

"அப்ப நீ செஞ்சது நல்ல காரியம்."

"வடக்கை மாத்திட்டேன் பாய்" என்றார். யாரையோ அடித்துவிட்டவர்போல் சொன்னார். அன்று முதுநகர் ஸ்டேஷனிலிருந்து நடந்தபோது அவர் உதடு அசையவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. லீவு போட்டிருக்கிறார், எங்கே போனார் என்று வீட்டிலும் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவது ஞாயிறு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்தார். கறுத்த பாதிக் கை முன்னைவிடக் கறுத்திருந்தது. உட்காராமலே சொன்னார்: "அந்த ஊருக்குப் போய்ட்டு வந்தேன்."

பாய் டீயை அப்படியே கீழே வைத்தார்.

"விடியக்காலம் ஊர்த்துறையில போய் நின்னேன். சூரியன் முதுகுப் பக்கம்தான் வந்துச்சு. படம் சரின்னு ஆயிடுச்சு. அப்பப் பாத்து பொம்பளைங்க குடத்தோட கூட்டமா வர்றாங்க. என்னைப் பாத்துட்டு ஒரு அம்மா, எவன்டா அவன் வழியில நிக்குறான்னு சத்தம் போடுது. வெலகி நின்னேன். அவுங்க இந்தத் துறையில எறங்கல. முட்டளவு தண்ணிதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நேரா ஆத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போறாங்க. இந்தக் கரை ஆம்பளைங்க துறை. பொம்பளைங்க துறை எதிர்க்கரையில, பாறை மறைவுல."

எங்களுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. முதலில் புரிந்தது கணக்கு டீச்சருக்குத்தான். "அங்க நின்னா…"

"ஆமா டீச்சரம்மா. அங்க நின்னு ஆத்தைப் பாத்தா கிழக்கு. அவுங்க ஊரு அக்கரை. அவுங்க ஊருக்கு மேலதான் சூரியன் வருது."

"நீங்க அங்க போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பொம்பளைங்க துறைக்கு எப்படிம்மா போவேன்? உச்சிக்கு, எல்லாரும் போன பெறகு, ஊருப் பெரியவரு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போய் தெசை மட்டும் பாத்துட்டு வந்தேன். அந்த ஆத்தை நம்ம ஆளுங்க எத்தனையோ தடவை அளந்திருக்காங்க. பொம்பளைங்க எங்க குளிக்கிறாங்கன்னு ஒருத்தனும் கேக்கல."

"கேட்டிருந்தா அடி வுழுந்திருக்கும்" என்றார் டீச்சர். புலவர் வாய்விட்டுச் சிரித்தார்.

சர்வேயர் சிரிக்கவில்லை. "படமும் சரி, அந்தம்மாவும் சரி. நடுவுல நான் ஒருத்தன்தான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். எழுத்தாளருக்கு எழுதியது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவதற்குமுன் எழுத்துப்பிழை பார்த்துத் தர வேண்டுமாம்.

நான்கு முழுத்தாள். தான் பொய் சொன்னதை முதல் வரியிலேயே எழுதியிருந்தார். படத்தைத் தயவுசெய்து மறுபடியும் திருப்பி வைக்கவும், தான் போட்ட அம்புக்குறியை அழித்துவிடவும், வடக்கு பழைய இடத்திலேயே இருக்கிறது என்று அடுத்த வரி. பிறகு துறையிலிருந்து பாறைக்கு எத்தனை காலடி, தண்ணீர் எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் கால் வழுக்கும், அங்கே நின்றால் எந்தப் புளியமரத்துக்கும் எந்தக் கூரைக்கும் நடுவில் சூரியன் எழும்பும் என்று மூன்று பக்கம். ஓரத்தில் சின்னதாக வரைந்து, அந்த அம்மா நின்றிருக்கக்கூடிய இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். எல்லாம் முடிந்து, கையெழுத்துக்கு மேலே, ஒரே ஒரு வரி: "மற்றபடி நாவல் மிகவும் நன்றாக இருக்கிறது."

அத்தனை வருஷத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. எழுத்தைப் பார்க்க முடியாமல் கண் கலங்கியது.

"சார், இந்த வரியை மொதல்ல போடுங்களேன். அவரு சந்தோஷப்படுவாரு."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டார்.

"அதெப்படிம்மா? அளந்து முடிச்ச பெறகுதானே அதைச் சொல்ல முடியும்" என்றார்.